புறக்கணிக்கத்தக்க உப்பு: வாசகர் கேள்வி – பதில்

இயற்பியலில் ஆய்வு செய்து, பின்னர் இருபத்தாறு ஆண்டுகள் அளவீட்டுக் கருவிகளை வடிவமைக்கும் தொழில்நுட்பராகப் பணியாற்றி, இப்போது மண்டபத்துக்கு அருகே தம் சொந்த ஊரில் வசிக்கும் நம் பத்தியாளர், இராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் விடையளிக்கிறார்.

கேள்வி: இயற்பியல் ஆராய்ச்சியை விட்டுத் தொழில்நுட்ப வேலைக்கு ஏன் போனீர்கள்? அறிவியலைக் கைவிட்டோம் என்ற வருத்தம் உண்டா?
– கல்லூரி ஆசிரியர், இராமநாதபுரம்

முதற்காரணம் சம்பளம்தான். அதை மறைத்துவிட்டு உயர்ந்த காரணங்களை அடுக்கினால், இந்தப் பக்கத்தில் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். வீட்டில் கடன் இருந்தது. ஆய்வு உதவித்தொகையோ வரும்போது வந்தது. வருத்தமும் இருந்தது. இரண்டு ஆண்டுகளில் அது தீர்ந்ததற்கு நான் அடைந்த ஒரு தோல்வியே காரணம் என்பதால், அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

கடலின் நீர்மட்டத்தை இரவும் பகலும் பதிவுசெய்யும் கருவி ஒன்றை, அப்போது நான் பணியாற்றிய நிறுவனத்துக்காக வடிவமைத்தேன். குளிரூட்டப்பட்ட சோதனை அறையில் அது மூன்று மாதம் பிசகில்லாமல் ஓடியது. பின்னர் அதைப் பாக் நீரிணைப் பக்கத்தில், நம்மவர்கள் ‘பெண் கடல்’ என்று சொல்லும் அலையடங்கிய கரையில் பொருத்தினோம். பதினோராவது வாரத்திலிருந்து, நள்ளிரவு கடந்ததும் கடல் இரண்டு மீட்டர் உயர்வதாகவும் காலை பத்து மணிக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிடுவதாகவும் கருவி எழுதத் தொடங்கியது. இந்தக் கரையில் ஓதத்தின் ஏற்றமும் வற்றமும் சேர்ந்து ஒரு மீட்டரைக்கூடத் தொடுவதில்லை. கருவி உளறுகிறது என்பது உடனே தெரிந்துவிட்டது. இரவில் மட்டும் ஏன் உளறுகிறது என்பதுதான் விளங்கவில்லை.

பெட்டியைத் திறந்தபோது செம்பு முனைகளுக்கு நடுவே பச்சை படர்ந்திருந்தது. காற்றில் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும், சோடியம் குளோரைடு காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைந்து உப்புநீராகிவிடும். கடற்காற்றோடு வந்து மின்சுற்றுப் பலகையில் படிந்திருந்த கண்ணுக்குத் தெரியாத உப்பு, இரவில் ஈரப்பதம் ஏறியபோது மெல்லிய உப்புநீர்ப் படலமாக மாறி, இரண்டு முனைகளுக்கிடையே மின்னோட்டத்தைக் கசியவிட்டது. வெயில் ஏறிப் படலம் காய்ந்ததும் கருவி மறுபடியும் உண்மை பேசியது. என் வடிவமைப்புக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். கசிவு மின்னோட்டம் என்ற வரிக்கு எதிரே, என் கையெழுத்திலேயே, ‘புறக்கணிக்கத்தக்கது’ என்று எழுதியிருந்தேன்.

இயற்பியலில் அதைவிடப் பயனுள்ள சொல் இல்லை. காற்றின் தடையை ஒதுக்கி வைக்காமல் கலிலியோவால் விழும் பொருள்களின் விதியைக் கண்டிருக்க முடியாது. ஆனால் அறையில் ஒதுக்கி வைத்த ஒன்று கரையில் காத்துக்கொண்டிருக்கிறது. எதை, எந்த இடத்தில், எத்தனை மாதத்துக்கு ஒதுக்கலாம் என்று கணக்கிடுவதே தொழில்நுட்பரின் வேலை என்று அன்று புரிந்தது. பலகைக்குக் காப்புப் பூச்சு தடவினோம். அதைவிடப் பெரிய உதவி, படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஒருவரிடமிருந்து வந்தது: வயரை மேலிருந்து பெட்டிக்குள் நுழைக்கக் கூடாது, கீழே தொங்கவிட்டு வளைத்துப் பிறகு மேல்நோக்கி நுழைத்தால் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும் என்றார். புவியீர்ப்பு எனக்கும் தெரியும். அவருக்கு அது வேலைக்கு வந்தது. இப்படிப்பட்ட கேள்விகள் கிடைத்துக்கொண்டிருந்தவரை, அறிவியலைக் கைவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: ஜாடியில் போட்ட கல்லுப்பு எப்போதும் நீர்விட்டு நிற்கிறது, பாக்கெட் உப்பு அப்படி ஆவதில்லை. கல்லுப்பில் கலப்படமா?
– இல்லத்தரசி, வாலிநோக்கம்

கலப்படம் இல்லை அம்மா, மிச்சம். உங்கள் ஊர்ப் பாத்திகளில் கடல்நீர் வற்றும்போது ஜிப்சம் முன்னதாகவே படியும், அடுத்து நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் உப்பு படியும்; மக்னீசியம் உப்புகள் கடைசிவரை கரைந்தே நிற்கும். அந்தக் கசப்பு நீர் கொஞ்சம் கல்லுப்பின் பரல்களில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறது. மேலே சொன்ன 75 சதவீதக் கணக்கு தூய உப்புக்கு மட்டுமே. மக்னீசியம் குளோரைடு, ஈரப்பதம் 33 சதவீதத்தைத் தாண்டினாலே நீரை இழுக்கும். நம் கரையில் அதைவிட வறண்ட நாள் அரிது. ஆலை உப்பில் மக்னீசியத்தைக் கழுவி நீக்கி, கட்டிபிடிக்காமலிருக்க வேறொரு பொருளைச் சேர்க்கிறார்கள்.

நம் பாட்டிமார் உப்பை மண்சட்டியில் வைத்ததற்கு இதில் விடை இருக்கிறது. பரலிலிருந்து முதலில் கரைந்து ஓடுவது அந்தக் கசப்புதான். மண்சட்டி அதை உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். சட்டியின் வெளிப்புறத்தில் பூக்கும் வெள்ளையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பீங்கான் ஜாடி அழகானது, ஆனால் உறிஞ்சாது. ஜாடியைத்தான் வைத்திருக்க வேண்டும் என்றால், உப்பை இரண்டு நாள் ஓலைப்பெட்டியில் வடியவிட்டு, வெயிலில் காயவைத்துப் பிறகு போடுங்கள். அடுப்பின் ஆவி படும் இடத்தில் வைக்க வேண்டாம்.

கேள்வி: என் தகப்பனார் நட்சத்திரத்தையும் நீவாட்டையும் (கடல் நீரோட்டத்தையும்) பார்த்துத் தொழிலுக்குப் போனார். என்னிடம் ஜி.பி.எஸ். இருக்கிறது. ஐன்ஸ்டைன் கணக்கு இல்லாவிட்டால் அது ஒரே நாளில் 11 கிலோமீட்டர் தவறாகக் காட்டும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?
– மீனவர், பாம்பன்

பாதி உண்மை. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்தச் செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. அவை வேகமாகச் செல்வதால் நாளொன்றுக்குச் சுமார் 7 மைக்ரோ விநாடி பின்தங்கும். புவியீர்ப்பு குறைந்த உயரத்தில் இருப்பதால் சுமார் 45 மைக்ரோ விநாடி முந்தும். கழித்தால் 38 மைக்ரோ விநாடி முந்துகிறது; ஒரு மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஒளி ஓடும் தூரம் 11 கிலோமீட்டருக்குச் சற்று மேல். தனுஷ்கோடியின் அரிச்சல்முனைக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள கடலில் இது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரும் என்பதால், கேட்பவருக்கு நெஞ்சு பதைக்கும். ஆனால் எல்லாச் செயற்கைக்கோள்களும் ஒரே அளவில் முந்துவதால், நான்கு செயற்கைக்கோள்களை ஒப்பிட்டுக் கணக்கிடும் உங்கள் கருவி, அந்தப் பிழையின் பெரும்பகுதியைத் தன் கடிகாரத்தின் பிழை என்று எண்ணிக் கழித்துவிடும். படகு ஒரே நாளில் 11 கிலோமீட்டர் தள்ளித் தெரியாது. ஆயினும், விநாடியைக் கோடிக்கணக்கான கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் அந்த அமைப்பில் கடிகாரம் இப்படி ஓடினால் மற்றக் கணக்குகள் குலைந்துபோகும்.

இதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. 1977-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஜி.பி.எஸ். அமைப்புக்கு முன்னோடியாக என்.டி.எஸ்.–2 என்ற செயற்கைக்கோளை அமெரிக்கர்கள் ஏவினார்கள். இந்தத் திருத்தம் தேவையா என்று அப்போது சிலருக்கு ஐயம் இருந்ததால், திருத்தத்தைத் தேவைப்பட்டால் இயக்கிக்கொள்ளும் வசதியோடு, அதை நிறுத்தியே வைத்து அனுப்பினார்கள். சுமார் இருபது நாள் கடிகாரத்தை அதன் போக்கில் ஓடவிட்டு அளந்தபோது, கோட்பாடு சொன்ன அளவிலிருந்து ஒரு சதவீதத்துக்கும் குறைவான வேறுபாட்டோடு அது முந்தியிருந்தது. பிறகு திருத்தத்தை இயக்கினார்கள். நம்பாதவரிடம் வாதாடாமல், சோதிக்க வழி வைத்து அனுப்பிய அந்தப் பொறியாளர்கள் மேல் எனக்கு மரியாதை.

உங்கள் கருவி இப்போது படகு இருக்கும் இடத்தைச் சில மீட்டர் துல்லியத்தில் சொல்லும். வலையை இறக்கிவிட்டு எஞ்சினை அணைத்தபின், இரண்டு மணி நேரத்தில் நீவாடு படகையும் வலையையும் எந்தத் திசையில் எவ்வளவு இழுத்துப் போகும் என்பதை அது சொல்லாது. எல்லைக்கோடு இவ்வளவு அருகில் இருக்கும் கடலில் அந்த இரண்டாவது கேள்விதான் பெரியது. தகப்பனாரிடம் கற்க வேண்டியதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் இளமையில் தொண்டியில் இலங்கை வானொலி கேட்ட அளவுக்குத் திருச்சி வானொலி தெளிவாகக் கேட்கவில்லை. நிகழ்ச்சிகளின் இனிமை அப்படித் தோன்றச் செய்ததா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தொண்டி

நிகழ்ச்சிகளும் இனிமைதான் ஐயா, ஆனால் உங்கள் காது பொய் சொல்லவில்லை. அந்த நிலையங்களின் மத்திய அலை (மீடியம் வேவ்), தரையைத் தழுவிக்கொண்டே வருவது. உலர்ந்த நிலம் மின்சாரத்தை மோசமாகக் கடத்துவதால் அலையின் ஆற்றலைத் தின்றுவிடும். கடல்நீர் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு நன்றாகக் கடத்துவதால் அலை அதிகம் தேயாமல் வந்து சேரும். திருச்சியிலிருந்து வந்த அலை புதுக்கோட்டைச் சீமையின் செம்மண்ணைக் கடந்து இளைத்துப்போய் வந்தது. இலங்கையிலிருந்து வந்த அலைக்கோ நம் கரைவரை கடல்நீர்ப் பாதை கிடைத்தது. என் கருவியைக் கெடுத்த அதே உப்புதான் உங்கள் பாட்டைச் சுமந்து வந்தது.

1982-இல் இலங்கையின் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியபின், நம் கரையோரத்தில் உயரமான ஆன்டெனா கட்டி அதைப் பார்த்தவர்கள் உண்டு. ஒரு மாலை கண்ணாடிபோல் தெரியும், மறுநாள் வெறும் புள்ளிகளாக இருக்கும். அதற்குக் காரணம் வேறு: கடலுக்குச் சற்று மேலே ஈரக்காற்றும் அதன்மேல் உலர்காற்றும் அடுக்காக நிற்கும் நாள்களில், அந்த அடுக்கு அலையை வளைத்துத் தொடுவானத்துக்கு அப்பாலும் கொண்டுவரும். அரிச்சல்முனையில் நிற்பவரின் கைப்பேசி இலங்கையின் அலைவரிசையைப் பிடித்துக்கொள்வதற்கு அதுகூடத் தேவையில்லை. ஐம்பது மீட்டர் உயரக் கோபுரத்தின் அலை, சாதாரண நாளிலேயே முப்பது கிலோமீட்டருக்கு மேல் எட்டும்.

கேள்வி: இயற்பியலா, கணினி அறிவியலா? நிரல் எழுதும் வேலையைச் செயற்கை நுண்ணறிவே செய்துவிடும் என்கிறார்களே?
– பிளஸ் டூ மாணவி, கீழக்கரை

நம் மாவட்டத்தில் பிறந்த கலாம் அவர்கள் திருச்சியில் இயற்பியல் படித்துவிட்டுத்தான் சென்னையில் வானூர்திப் பொறியியலுக்குப் போனார். ஆகவே ஒன்றைத் தேர்ந்தால் மற்றது மூடிப்போகும் என்று அஞ்ச வேண்டாம். நிரலின் பெரும்பகுதியை இயந்திரம் எழுதிவிடும் என்பது இப்போதே பாதி நடந்துவிட்டது. அது எழுதியதில் பிழை எங்கே இருக்கும் என்று சந்தேகிக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா என்பதே என் கேள்வி.

ஒரு சோதனை சொல்கிறேன். தனி ஊசல் செய்முறையில் புவியீர்ப்பு முடுக்கத்துக்கு என்ன விடை எழுதினீர்கள்? 9.81 என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் விடையைக் கையில் வைத்துக்கொண்டு அளவைத் திருத்தியிருப்பீர்கள், அல்லது பக்கத்து மேசையைப் பார்த்திருப்பீர்கள். பூமி சுழல்வதாலும் நடுவில் சற்றுப் பருத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டுக்கு அருகே அந்த மதிப்பு குறைவு. நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஒன்பது பாகைக்குச் சற்று மேலுள்ள நம் கரையில் அது 9.78. 9.81 என்பது ஐரோப்பியப் பாடநூல் எழுதியவரின் ஊர்க் கணக்கு. பள்ளி ஊசலில் இந்த வேறுபாட்டைப் பிடிப்பது கடினம் என்பது உண்மைதான். ஆனால் தாம் அளந்தபோது 9.6 வந்தது என்று உள்ளபடி எழுதி, ஏன் வந்தது என்று யோசித்த மாணவியை, நான் வேலைக்கு ஆள் எடுத்த காலத்தில் உடனே எடுத்திருப்பேன். அவர் எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் சரி.

கேள்வி: புதிய பாம்பன் பாலத்தின் நடுப்பகுதியை அவ்வளவு எளிதாக எப்படித் தூக்குகிறார்கள்?
– வாசகர், தங்கச்சிமடம்

ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் இரண்டு இறக்கைகள் ஆட்களின் கைவலுவால் விரிந்தன. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக உயர்கிறது. இரண்டிலும் சூட்சுமம் எதிர் எடைதான். தூக்க வேண்டிய பகுதிக்கு ஏறக்குறைய ஈடான எடை மறுபுறம் இறங்குவதால், மோட்டார் பாலத்தைத் தூக்குவதில்லை. உராய்வையும் காற்றையும் மட்டுமே வெல்கிறது. உராய்வைப் பார்த்துக்கொள்ளும் கிரீஸுக்கும் உப்புக் காற்றுக்கும் அங்கே நடக்கும் போட்டியை நான் ஆவலோடு கவனித்து வருகிறேன்.

கேள்வி: இவ்வளவு தெரிந்த உங்கள் வீட்டு இரும்புக் கேட் துருப்பிடிக்குமா?
– பெயர் குறிப்பிடாத வாசகர், மண்டபம்

பிடித்திருக்கிறது, நீங்கள் தெருவிலிருந்து பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பல ஆண்டுகளாக, மழை படும் வெளிப்பக்கத்துக்கே அக்கறையாகப் பெயின்ட் அடித்துவந்தேன். ஆனால் செதில் செதிலாகப் பெயர்ந்தது, கூரை நிழலில் மழையே படாத மேல்சட்டம். மழை, படிந்த உப்பைக் கழுவிவிடுகிறது. மழை எட்டாத இடத்தில் உப்பு சேர்ந்துகொண்டே போய், ஒவ்வோர் இரவும் ஈரமாகி இரும்பைத் தின்கிறது. என் முதல் கருவிக்கு நேர்ந்தது என் வாசலிலேயே நேர்ந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

கரைக்கு வந்ததும் எஞ்சினை நல்ல தண்ணீரால் கழுவும் படகுக்காரர்களைப் பார்த்து, மாதம் இரண்டு முறை அந்தச் சட்டத்தையும் கழுவிவிடலாம் என்று தீர்மானித்தேன். நம் ஊரில் நல்ல தண்ணீர் குடக் கணக்கில் விலைக்கு வருகிறது. கேட்டைக் கழுவ இரண்டு குடமா, உலை வைக்க இரண்டு குடமா என்று என் மனைவி கேட்டார். ஈரத்துணியால் துடைப்பது என்று இப்போதைக்கு முடிவாகியிருக்கிறது.