கைது, ரிமாண்ட், ஜாமீன்: வழக்கறிஞரிடம் கேளுங்கள்

செல்வி: தம்பியை விசாரணை என்று நேற்று சாயங்காலம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். இன்னும் விடவில்லை.

இதைப் படித்ததும் கிளம்புங்கள் அம்மா. கைது என்றால் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும்; அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவு அது. காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டுக்கும் தெரிவிக்க வேண்டும். கைதே இல்லை என்றால் உட்கார வைக்கவே உரிமை கிடையாது. எஸ்.பி.க்கு உடனே புகார் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளைக் கோர்ட் முன் கொண்டுவரச் சொல்லும் மனு போடுங்கள். ஸ்டேஷனில் அடித்திருந்தால், ரிமாண்டுக்கு (காவலில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடுவது) கொண்டுபோகும்போது தம்பி அதை மாஜிஸ்திரேட்டிடம் வாய்திறந்து சொல்லட்டும், காயத்தைக் காட்டட்டும். 2020-ல் சாத்தான்குளம் தந்தையும் மகனும் அடிபட்ட உடம்போடுதான் ரிமாண்ட் ஆகி கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள்; பிறகு இறந்துபோனார்கள். முக்கியமாக, வெற்றுத்தாளில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடக் கூடாது.

ரமேஷ்: புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தருகிறார்கள். எஃப்.ஐ.ஆர். போடவில்லை.

புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பிறகு மாஜிஸ்திரேட்டிடம் மனு. பி.என்.எஸ்.எஸ். என்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(4) அதற்குத்தான்.

முருகேசன்: அண்ணன் ரிமாண்டில் இருக்கிறார். குற்றப்பத்திரிகை வரவில்லை. தானாக ஜாமீன் கிடைக்குமா?

தானாகக் கிடைக்காது, கேட்க வேண்டும். குற்றப்பத்திரிகை போட போலீசுக்குக் கெடு உண்டு; அது தாண்டினால் ஜாமீன் உங்கள் உரிமை. 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை, ஆயுள், தூக்கு என்றால் 90 நாள். மற்றவற்றுக்கு 60 நாள். கைதான நாளிலிருந்து அல்ல, ரிமாண்ட் ஆன நாளிலிருந்து, அந்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். கெடு முடிந்த மறுநாள் காலை கோர்ட் திறந்ததும் மனு உள்ளே போய்விட வேண்டும். மதியம் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் யார் முந்தியது என்று சண்டை வரும். அதனால் கொடுத்த நேரத்தை எழுதி வாங்குங்கள். முதலில் உங்கள் மனு போயிருந்தால் பிறகு வந்த குற்றப்பத்திரிகையால் அந்த உரிமை போகாது. ஜாமீன்தாரர்களையும் அவர்களது ஆவணங்களையும் முதல் நாளே தயார் செய்யுங்கள்.

ஓய்வு பெற்ற எஸ்.ஐ. ஒருவர்: தடய அறிவியல் ரிப்போர்ட் வர மாதக்கணக்காகும். அதற்காகக் கொலைகாரனை வெளியே விடுவதா? வக்கீல்களுக்கு இது வசதி.

ஐயா, ரிப்போர்ட் வராமலே குற்றப்பத்திரிகை போடலாம். பிறகு வருவதைக் கூடுதல் அறிக்கையாகச் சேர்க்க பி.என்.எஸ்.எஸ். 193(9) இடம் தருகிறது. ஜாமீனில் வந்தால் வழக்கு செத்துவிடாது.

அதே எஸ்.ஐ.: வெளியே வந்து சாட்சியை மிரட்டுவான்.

மிரட்டினால் ஜாமீனை ரத்து செய்யக் கேளுங்கள், அதற்கும் வழி இருக்கிறது. ஆனால் 90 நாள் ஒருவரை உள்ளே வைத்துவிட்டு குற்றம் இன்னதென்று எழுதிக் கொடுக்காதது அரசின் தவறு. அதற்கு உள்ளே இருப்பவர் ஏன் 91-வது நாளும் கம்பி எண்ண வேண்டும்? வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்கு இந்தக் கெடு முடிந்ததே தெரிவதில்லை. என் கோபம் அங்கேதான்.

கவிதா: அப்பா சொத்தில் எனக்குப் பங்கு உண்டா?

சிவில் வழக்கறிஞரைப் பாருங்கள்.

பாலா: போலீஸ் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லுமா?

விசாரணைக்கு வரச் சொல்லும் பி.என்.எஸ்.எஸ். 35-வது பிரிவு நோட்டீஸ் அப்படிச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் சொல்லிவிட்டது. முறையாக வந்தால் போங்கள், ஒளியாதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம்.

தினேஷ்: எஃப்.ஐ.ஆர். போட மாட்டேன் என்கிறார்கள், என்ன செய்ய?

ரமேஷுக்குச் சொன்னதுதான். மேலே படியுங்கள்.

மாரியம்மாள்: வீடியோ காலில் டிஜிட்டல் கைது என்கிறார்கள், பணம் கேட்கிறார்கள்.

அப்படி ஒரு கைதே சட்டத்தில் இல்லை. பணம் அனுப்பாதீர்கள். அழைப்பைத் துண்டித்துவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

ஜெயா: வக்கீல் வைக்கக் காசில்லை.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், உதவி எண் 15100. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். ரிமாண்ட் அன்றைக்கே கேளுங்கள்.