மகள் தொடங்கும் கிளை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் நர்ஸாக இருக்கிறாள். கல்லூரியில் படிக்கும்போது ஸீட்டா ஃபை பீட்டா என்ற கறுப்பினப் பெண்கள் சங்கத்தில் சேர்ந்தாள். இப்போது அவள் இருக்கும் கவுன்டியில் அந்தச் சங்கத்துக்குப் பட்டதாரிக் கிளை இல்லை. ஒரு கூட்டத்துக்குப் போக ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டுகிறாள். பன்னிரண்டு பேர் சேர்ந்து புதிதாக ஒரு கிளை தொடங்கப்போகிறார்களாம். வசதியில்லாத கர்ப்பிணிகளுக்கு உதவுவதுதான் முதல் வேலை என்கிறாள். இதெல்லாம் கல்லூரியோடு முடிகிற விஷயம் இல்லையா? உதவி செய்வதற்கு எதற்கு அனுமதி? ஊர்ப்பணம் அவள் கைக்கு வருமே என்பதும் கவலையாக இருக்கிறது. என்னால் அவளுக்கு ஆகக்கூடியது ஏதாவது உண்டா?

ச. ர.

அன்புள்ள ச. ர. அவர்களுக்கு,

கல்லூரியோடு முடிகிற விஷயம் இல்லை. இந்தச் சங்கங்களில் சேர்ந்தவர் ஆயுள் முழுக்க உறுப்பினர். ஸீட்டா ஃபை பீட்டாவை 1920 ஜனவரி 16 அன்று வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவிகள் ஐந்து பேர் தொடங்கினார்கள். அதே பல்கலைக்கழகத்தில் 1908இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவும் 1913இல் டெல்டா சிக்மா தீட்டாவும் தோன்றியிருந்தன. சென்னைப் பெண் ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் அங்கே படிக்கும்போது சேர்ந்தது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில். நம்மவர்கள் பலர் இந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டதே அவரால்தான்.

அந்தக் காலத்தில் பட்டம் வாங்கி ஊர் திரும்பிய கறுப்பினப் பெண் பெரும்பாலும் ஆசிரியை ஆனாள், அல்லது நர்ஸ். அவள் ஊரில் அவள் மக்களுக்கு நல்ல ஆஸ்பத்திரி கிடையாது, நூலகத்துக்குள் போக முடியாது. அந்தக் குறையைத் தங்களால் ஆன மட்டும் நிரப்ப இறங்கியவை பட்டதாரிக் கிளைகள். 1935 முதல் 1942 வரை டாக்டர் டாரத்தி ஃபெரபீ தலைமையில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா பெண்கள் கோடைதோறும் மிசிசிப்பிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். குத்தகைக் கூலிகளைத் தோட்ட முதலாளிகள் ஓரிடத்து கிளினிக்குக்கு அனுப்ப மறுத்தபோது, இவர்கள் கார்களையே கிளினிக்காக்கி வயலுக்கு ஓட்டிப் போனார்கள். உங்கள் மகள் சேர்ந்திருப்பது இப்படி ஒரு மரபில். அவள் இதற்கு நேரம் கொடுப்பது எனக்கு மதிப்பாகப் படுகிறது.

அடுத்தது அனுமதி. கர்ப்பிணிக்கு உதவ யாரும் யாரையும் கேட்க வேண்டாம். சங்கத்தின் பெயர், கிரேக்க எழுத்துகள், நீலமும் வெள்ளையும், புறாச் சின்னம் இவை மட்டும் தேசியத் தலைமையகத்துக்குச் சொந்தம். சார்ட்டர், அதாவது கிளை தொடங்கத் தலைமையகம் தரும் அனுமதிப் பத்திரம், வருமுன் அவற்றை டி-ஷர்ட்டில் போட்டாலும் துண்டறிக்கையில் போட்டாலும் விண்ணப்பம் அங்கேயே நின்றுபோகலாம். கிளையின் பெயரைக்கூட இவர்களாக வைத்துக்கொள்ள முடியாது. பட்டதாரிக் கிளைகளின் பெயர் ‘ஸீட்டா’ என்று முடியும். அதற்கு முன்னால் வரும் எழுத்துகளைத் தலைமையகம் தரும்.

பன்னிரண்டு பேர் என்கிறீர்கள். தலைமையகத்தின் கணக்கில் அது பன்னிரண்டாக இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த ஆண்டின் தேசியச் சந்தா உள்ளிட்ட கட்டணங்களைப் பாக்கியில்லாமல் கட்டியவர் மட்டுமே எண்ணிக்கையில் சேர்வார். ‘நான் அந்தக் காலத்திலேயே சேர்ந்தவள்’ என்று ஆர்வமாக வருபவருக்குப் பல வருடச் சந்தா விட்டுப்போயிருக்கும். அவர் மறுபடி உறுப்பினராவதற்கு நாள் பிடிக்கும். ஆகவே முதல் சந்திப்பிலேயே ஒவ்வொருவரின் உறுப்பினர் அட்டையையும் பார்த்துவிடுவது நல்லது. குறைந்தபட்சம் எத்தனை பேர் வேண்டும் என்பதை அவ்வப்போது மாற்றுவார்கள். சங்கத்தின் மாநில இயக்குநரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் மூன்று நான்கு பேரைக் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். வேலை மாற்றம், பிரசவம், பெற்றோர் உடல்நலம் என்று யாராவது விலகத்தான் செய்வார்கள்.

மனக்கசப்பு வருவது பெரும்பாலும் பக்கத்துக் கிளையோடுதான். இந்தப் பன்னிரண்டு பேரில் பாதிப்பேர் இப்போது அந்த ஒன்றரை மணி நேரத் தொலைவுக் கிளையில் சந்தா கட்டுகிறவர்களாக இருப்பார்கள். அவர்கள் விலகினால் அங்கே ஆளும் குறையும், வரவும் குறையும். செய்தி மூன்றாம் ஆள் வழியாகப் போய்ச் சேர்ந்தால் அது துரோகமாகத் தெரியும். அந்தக் கிளைத் தலைவியை, அவர்கள் வழக்கில் பேசிலியஸ், விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனிப் பணம். உங்கள் கவலை நியாயமானது. சார்ட்டர் வருவதற்கும் வங்கிக் கணக்கு திறப்பதற்கும் நடுவில் சில வாரங்கள் இருக்கும். அப்போது ‘தற்காலிகமாக என் ஃபோனுக்கு அனுப்பிவிடுங்கள்’ என்று ஒருவர் சொல்வார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்தப் பணம் அவர் பெயரில் வந்த பணம்; வரித்துறை கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர், கிளையின் கணக்குப் புத்தகமோ முதல் பக்கத்திலேயே ஓட்டையோடு தொடங்கும். தலைமையகத்தின் கடிதத்தை வைத்துக் கிளையின் பெயரில் வரி எண் வாங்கி, கையெழுத்திடுபவர் யார் என்று தீர்மானம் போட்ட கூட்டக் குறிப்போடு வங்கிக்குப் போக வேண்டும். அதுவரை ஒரு டாலர்கூட வசூலிக்கக் கூடாது.

கணக்கு திறந்த பிறகு சந்தா வாங்கி ரசீது போடுபவர் ஒருவர், அதை வங்கியில் கட்டிச் செலவு எழுதுபவர் இன்னொருவர். காசோலைக்கு இரண்டு கையெழுத்து. மாதாமாதம் வங்கி அறிக்கையைப் பிரித்துச் சரிபார்ப்பவர், கையெழுத்து அதிகாரம் இல்லாத மூன்றாமவர். உங்கள் மகள் இந்த மூன்றில் எந்த ஒன்றையும் ஏற்கலாம், இரண்டை ஏற்கக் கூடாது.

வரியில் ஒரு நுணுக்கம் உண்டு. இப்படிப்பட்ட சங்கங்கள் பல அமெரிக்க வரிச் சட்டத்தின் 501(சி)(7) பிரிவில் வருபவை. வரி விலக்கு உண்டு, ஆனால் அவற்றுக்குக் கொடுக்கும் நன்கொடையைக் கொடுத்தவர் வரியில் கழிக்க முடியாது. கழிக்க வேண்டுமென்றால் 501(சி)(3) அறக்கட்டளை தேவை. தங்கள் கிளை எதில் வருகிறது என்று தெரியாமல் ‘நன்கொடைக்கு வரி விலக்கு உண்டு’ என்று அச்சடித்துவிடக் கூடாது. ஆண்டு வரவு 50,000 டாலருக்குள் இருந்தால் 990-என் என்ற சிறிய மின்படிவம் போதும். நிதியாண்டு முடிந்த ஐந்தாம் மாதம் 15ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். மூன்று ஆண்டு தொடர்ந்து அனுப்பாவிட்டால் வரி விலக்கு தானாகவே ரத்தாகும். படிவத்துக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. பொறுப்பாளர் மாறும்போது சொல்லிவிட்டுப் போக மறப்பதால்தான் பல சிறிய கிளைகள் இதில் மாட்டுகின்றன. ஜார்ஜியாவில் பரிசுச்சீட்டுக் குலுக்கலுக்கு கவுன்டி ஷெரீஃபிடம் உரிமம் வாங்க வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

கர்ப்பிணிகளுக்கான வேலை என்றால் அது அநேகமாக ‘ஸ்டோர்க்ஸ் நெஸ்ட்’, நாரைக் கூடு, ஆக இருக்கும். மார்ச் ஆஃப் டைம்ஸ் என்ற தாய்சேய் நல அமைப்போடு சேர்ந்து ஸீட்டா கிளைகள் 1972 முதல் நடத்துவது. தேவை எவ்வளவு என்பதை ஒரு கணக்கு சொல்லும்: 2023இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிரசவத்துக்குக் கறுப்பினத் தாய்மார் 50.3 பேர் இறந்தார்கள், வெள்ளையர் 14.5 பேர். கர்ப்பிணி மருத்துவப் பரிசோதனைக்குப் போனால் புள்ளி, வகுப்புக்கு வந்தால் புள்ளி. சேர்ந்த புள்ளிகளைக் கொடுத்துக் ‘கூட்டில்’ டயப்பர், உடுப்பு, குழந்தைக்கு வேண்டிய மற்ற பொருட்களை எடுத்துக்கொள்ளலாம். பிச்சை வாங்கும் கூச்சம் அவளுக்கு வராது, தன் உழைப்பில் எடுக்கிறாள். இதன் அழகு அங்கேதான்.

சறுக்குவது பொருள் அறையில். ‘குழந்தைச் சாமான் வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்டால் வீட்டில் கிடந்ததெல்லாம் வந்து குவியும். பழைய கார் சீட்டை வாங்கவே கூடாது. விபத்தில் அடிபட்டதா என்று வெளியிலிருந்து தெரியாது, காலாவதித் தேதியும் உண்டு. பக்கம் கீழிறங்கும் பழைய தொட்டில் 2011 முதல் விற்கத் தடை செய்யப்பட்டது. தொட்டிலைச் சுற்றிக் கட்டும் மெத்தை பம்பருக்கு 2022இல் சட்டம் போட்டுத் தடை வந்தது. இவற்றைக் கொடுப்பவர் மனம் நோகாமல் வாசலிலேயே மறுக்க ஒருவர் வேண்டும், கையில் பட்டியலோடு. பால் மாவு டப்பாவில் தேதி பார்க்க வேண்டும்.

டயப்பரில் எல்லோரும் வாங்கி வருவது பிறந்த குழந்தை அளவுதான், சின்னதாக அழகாக இருப்பதால். அது ஏறத்தாழ நாலரை கிலோ எடை வரைக்கும் தாங்கும். பல குழந்தைகளுக்குச் சில வாரங்கள்தான். மூன்றாம் அளவும் நான்காம் அளவும் அலமாரியில் இருக்காது. முதல் மாதத்தில் நாளைக்குப் பத்து என்றால் ஒரு குழந்தைக்கு 300. பன்னிரண்டு தாய்மாருக்கு 3,600. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு எத்தனை பேரைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கட்டும். ஆறு பேரோடு தொடங்கினாலும் குறைவில்லை. வகுப்பைப் புதன் மாலை வைக்க வேண்டாம். அந்தப் பக்கம் பல தேவாலயங்களில் அன்று பைபிள் வகுப்பு நடக்கும், யாரும் வரமாட்டார்கள். பரிசோதனைக்குப் போனதற்கு அத்தாட்சியாக மருத்துவமனை முத்திரையிட்ட ஒரு சிறு அட்டை போதும். நோய் விவரம் எதையும் கிளை கேட்கவும் கூடாது, எழுதி வைக்கவும் கூடாது.

உங்களால் ஆகக்கூடியது உண்டு. சங்கத்தில் உறுப்பினராக இல்லாமல் கூட நின்று உதவும் பெண்களுக்கு ஸீட்டாவில் ‘அமிக்கே’ என்று ஒரு துணைக்குழு இருக்கிறது. அங்கே போய்த் தங்கும் மாதங்களில் நீங்கள் அதில் கைகொடுக்கலாம். இங்கிருந்து எதையாவது தைத்து எடுத்துப்போக நினைத்தால் சிறு போர்வையும் தலையணையும் வேண்டாம், புடவைத் தூளி கட்டிக் காட்டவும் வேண்டாம். குழந்தையை மல்லாக்க, சமமான கெட்டிப் படுக்கையில், பக்கத்தில் துணி எதுவும் இல்லாமல் தனியாகப் படுக்க வைக்கச் சொல்வதுதான் அங்கே வகுப்பின் முதல் பாடம். முன்பக்கம் முடிச்சுப் போடும் பருத்திச் சட்டை தைத்துக் கொடுங்கள், பிறந்த அளவில் நான்கு என்றால் ஆறு மாத அளவில் பத்து.