வாசகர் கேள்வி: கணிப்பு முதலில், கிளிக் அப்புறம்

கே: இருப்பது ஒரு கணினி, ஒரு புரொஜெக்டர். மாணவர்களோ நாற்பது பேர். இதை வைத்து சிமுலேஷன் (நிஜ நிகழ்வைக் கணினித் திரையில் போலச் செய்துகாட்டும் மென்பொருள்) பாடம் நடத்த முடியுமா?

தாராளமாக முடியும். ஆளுக்கொரு கணினி உள்ள வகுப்பில் கிடைக்காத ஒரு வசதியும் இதில் உண்டு: எல்லோர் கண்ணும் ஒரே திரையில் இருக்கும்.

மின்சுற்றுப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்களில் (இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய திட்டம், இலவசம்) மின்சுற்று அமைக்கும் ஒன்று இருக்கிறது. 9 வோல்ட் பேட்டரியுடன் 10 ஓம் பல்பு ஒன்றை இணைத்தால் அம்மீட்டர் 0.9 ஆம்பியர் காட்டும். "இதே போன்ற இன்னொரு பல்பைத் தொடர் இணைப்பில் சேர்க்கப் போகிறேன். எது மங்கலாக எரியும்?" என்று கேட்டுவிட்டு, மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். ஒவ்வொருவரும் விடையையும் காரணத்தையும் நோட்டில் எழுத 2 நிமிடம் கொடுங்கள். பிறகு கை தூக்கச் சொல்லி எண்ணிக்கையைப் பலகையில் குறியுங்கள். வேறு வேறு விடை எழுதியவர்களை ஜோடியாக்கி 3 நிமிடம் வாதாட விடுங்கள்.

முதல் பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடும், மிச்சம்தான் அடுத்ததற்குப் போகும் என்று நினைக்கும் மாணவர்கள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். அந்த நினைப்பு வாய்விட்டு வெளியே வந்த பிறகே பல்பை இணையுங்கள். இரண்டும் ஒரே அளவு மங்கும். அம்மீட்டரை எங்கே வைத்தாலும் 0.45 ஆம்பியர்தான். ஆனால் ஒரு பல்பின் திறன் பாதியாகவில்லை. 8.1 வாட் இருந்தது ஏறக்குறைய 2 வாட்டுக்கு, அதாவது கால் பங்குக்கு இறங்கிவிட்டது. மின்னோட்டம், மின்னழுத்தம் இரண்டுமே பாதியானதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். முதலிலேயே ஓட்டிக் காட்டிவிட்டால் "அதான் தெரியுமே" என்று தலையாட்டுவார்கள். தவறான எண்ணம் உள்ளேயே தங்கிவிடும்.

கே: கேமை ஆர்வமாக விளையாடுகிறார்கள். அதே கருத்தைத் தேர்வில் கேட்டால் விழிக்கிறார்கள். எங்கே தவறுகிறோம்?

கேம் கேட்பது இலக்கை; நீங்கள் தேர்வில் கேட்பது காரணத்தை. பீரங்கிக் குண்டை இலக்கில் விழவைக்கும் எறிபொருள் கேமில், குண்டு சரியாக விழும்வரை கோணத்தையும் வேகத்தையும் சேர்த்தே இழுத்துக்கொண்டிருந்தால் போதும், வென்றுவிடலாம். இயற்பியல் எதுவும் தேவைப்படாது.

ஆகவே குண்டுகளை எண்ணிக் கொடுங்கள்: ஒரு குழுவுக்கு மூன்றுதான். சுடும் முன் கோணம், எதிர்பார்க்கும் தூரம், காரணம் மூன்றையும் எழுதியாக வேண்டும். ஒரு முறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றலாம். தரைமட்டத்திலிருந்து, காற்றுத்தடை இல்லாமல், வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் சுட்டால் 30 டிகிரியிலும் 60 டிகிரியிலும் குண்டு ஒரே இடத்தில், 19.9 மீட்டரில் விழும். 45 டிகிரியில் 22.9 மீட்டர். எல்லோரும் தலையாட்டியதும் பீரங்கியை 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுங்கள். 45 டிகிரியில் 30.5 மீட்டர் கிடைக்கும். 36 டிகிரியில் 31.4! "45-இல்தான் அதிகத் தூரம்" என்று மனப்பாடம் செய்தவர்கள் அங்கேதான் நிமிர்ந்து உட்காருவார்கள்.

40 நிமிட வகுப்பில் விளையாட்டு 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். கடைசி 10 நிமிடம் திரையை அணைத்துவிட்டுப் பேச வேண்டும். நேரம் போதாமல் பலரும் முதலில் வெட்டுவது இதைத்தான், வெட்டவே கூடாததும் இதுதான். மதிப்பெண் பட்டியல் போட்டு முதலிடம் அறிவிப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். யோசிப்பவரை விட்டுவிட்டு வேகமாக அழுத்துபவருக்கே அது பரிசு கொடுக்கிறது.

கே: சிமுலேஷன் இருந்தால் ஆய்வகம் தேவையா?

கட்டாயம் தேவை. திரையில் 0.45 ஆம்பியர் பார்த்த மாணவர், நிஜமான இழை பல்புகளை அதேபோல் இணைத்தால் மின்னோட்டம் பாதிக்கும் மேலே இருப்பதைக் காண்பார். மங்கலாக எரியும் இழையின் வெப்பம் குறைவு. அதனால் மின்தடையும் குறைந்துவிடுகிறது. இந்த வித்தியாசத்தைப் பிழை என்று ஒதுக்காமல் அதையே பாடமாக்குங்கள். வாயு மூலக்கூறுகளின் ஓட்டம், கோள்களின் பாதை, பல தலைமுறை உயிரினப் பெருக்கம் போல, கண்ணுக்கோ பாட வேளைக்கோ எட்டாதவற்றுக்கு சிமுலேஷனே நல்ல வழி.

கே: கடையில் விற்கும் கேம்களை நம்பிப் பாடம் நடத்தலாமா?

நடத்தலாம். ஆனால் அதில் எது எளிமையாக்கப்பட்டது என்று முதலில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ராக்கெட் கட்டி விண்ணுக்கு அனுப்பும் கேமான கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமில் வரும் கெர்பின் என்ற கற்பனைக் கோளின் ஈர்ப்பு பூமியுடையதேதான். ஆரமோ 600 கிலோமீட்டர் மட்டும். அதனால் தாழ்வான சுற்றுப்பாதைக்கு வினாடிக்கு சுமார் 2.3 கிலோமீட்டர் வேகம் போதும், பூமிக்கு 7.8 வேண்டும். தவிர, விண்கலத்தை ஒரு நேரத்தில் ஒரு கோள்தான் ஈர்க்கும்; எனவே இந்த கேமில் லக்ராஞ்சிப் புள்ளிகளே (இரண்டு வான்பொருள்களின் ஈர்ப்பும் சேர்ந்து, விண்கலத்தை அவற்றோடு ஒரே அமைப்பில் சுற்றவைக்கும் இடங்கள்) கிடையாது. "கேம் எங்கே பொய் சொல்கிறது?" என்ற கேள்வியை மாணவர்களிடமே வீட்டுப்பாடமாகக் கொடுங்கள்.

கே: வகுப்பில் இணையம் அடிக்கடி நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

ஃபெட் சிமுலேஷன்களை முன்பே பதிவிறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் பிரௌசரில் ஓடும். பாடம் நடத்தப்போகும் அதே கணினியில், அதே புரொஜெக்டரில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வெளிச்சமான அறையில் பல்பு மங்குவது கடைசி வரிசைக்குத் தெரியாது. அப்போது அம்மீட்டர் எண்ணைப் பெரிதாக்கிக் காட்டுங்கள்.