பரணில் கிடக்கும் பழைய வீடியோ கேம்: எதை வைப்பது, எதை விற்பது?

கேள்வி: வீடு மாறும்போது பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி இறங்கியது. நான் சிறுவனாக இருந்தபோது விளையாடிய லிட்டில் மாஸ்டர் டிவி கேம், ‘9999 இன் 1’ கேசட்டுகள் சில, சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த கேம் பாய் கலர், அதன் போக்கிமான் சில்வர் கேசட், ஒரு பிளேஸ்டேஷன் 2, கட்டுக்கட்டாக டிஸ்க்குகள். “பழைய மரியோ கேம் கோடிக்கணக்கில் போகுது, எதையும் வித்துடாதீங்கப்பா” என்கிறான் மகன். காயலான் கடையில் போட்டுவிடலாம் என்கிறார் மனைவி. பத்து வருடம் வைத்திருந்தால் விலை ஏறுமா? புது கேம் வாங்கி சீல் பிரிக்காமல் வைக்கலாமா என்றும் மகன் கேட்கிறான்.
– வாசகர், திருச்சி

பதில்: காயலான் கடையில் போட வேண்டாம். கோடியும் வராது. உங்கள் பெட்டியில் காசாகக்கூடிய பொருட்கள் இரண்டு மூன்று இருக்கின்றன. அவற்றைப் பத்து வருடம் காப்பாற்றுவதற்கு இப்போதே கொஞ்சம் வேலை செய்தாக வேண்டும்.

மகன் படித்த செய்தி உண்மைதான். 2021 ஜூலையில் அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏல நிறுவனம் ‘சூப்பர் மரியோ 64’ பிரதி ஒன்றை 15.6 லட்சம் டாலருக்கு விற்றது. அன்றைய கணக்கில் 11 கோடி ரூபாய்க்கும் மேல். ஆனால் அது 1996இல் கடைக்கு வந்தபடியே சீல் பிரிக்காமல் இருந்த பிரதி. வாட்டா என்ற தரமிடும் நிறுவனம் அதற்கு 9.8 புள்ளி கொடுத்திருந்தது. அந்த கேம் ஒரு கோடிப் பிரதிகளுக்கும் மேல் விற்றது. அரிதாக இருந்தது கேம் அல்ல, கைபடாத அந்த அட்டைப்பெட்டி. 2019 பிப்ரவரியில் சீல் பிரிக்காத ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ ஒன்று ஒரு லட்சம் டாலருக்குப் போனது. 2021 ஆகஸ்டில் இன்னொரு பிரதி 20 லட்சத்தைத் தொட்டது. இரண்டரை வருடத்தில் இருபது மடங்கு என்பது இயல்பான ஏற்றமில்லை. விலையைச் செயற்கையாக ஏற்றியதாக வாட்டா மீது 2022இல் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். அந்த உச்ச விலைகளும் பிறகு இறங்கின. பிரித்து விளையாடிய கேசட்டுக்கு அந்தச் சந்தையோடு சம்பந்தமே கிடையாது.

விலையை ஏற்றுவது வயதல்ல. எத்தனை பிரதி வந்தது, பெட்டியும் கையேடும் கூட இருக்கிறதா, ஒரிஜினல்தானா, அந்த கேமை ஆசையாய் விளையாடியவர்கள் இன்று சம்பாதிக்கும் வயதில் இருக்கிறார்களா – இந்த நான்கும்தான். மரியோவை உருவாக்கிய ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ 1990இல் நடத்திய போட்டிக்காகச் செய்த சாம்பல் நிற கேசட் மொத்தம் 90தான். லேபிள் கிழிந்திருந்தாலும் அதற்கு ஆள் உண்டு. கோடிக்கணக்கில் அச்சான ஒன்றுக்குப் பெட்டி இல்லாவிட்டால் பெரிய விலை கிடைக்காது.

லிட்டில் மாஸ்டரிலிருந்து தொடங்குவோம். நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற டிவி கேம் மெஷினின் நகல்தான் அது. அந்த 9999 கேமில் பாதிக்கு மேல் ஒரே கேம் வேறு பெயரில், வேறு லெவலில் திரும்பத் திரும்ப வரும். அனுமதியில்லாத நகல்கள் என்பதால் உலகச் சந்தையில் அவற்றுக்குப் பெரிய மதிப்பில்லை. ஆனால் இந்தியாவில் அச்சிட்ட வெளிப்பெட்டி, தெர்மோகோல், கையேடு எல்லாம் சேர்ந்திருந்தால் அதைத் தேடும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் அந்தப் பெட்டியை யாருமே பத்திரப்படுத்தவில்லை. ஆகவே கேசட்டை விடப் பெட்டிதான் முக்கியம்.

ஓடுகிறதா பார்க்கும் ஆசையில் பழைய அடாப்டரை நேராகச் செருகாதீர்கள். முதலில் மல்டிமீட்டரில் வோல்டேஜையும், பிளக்கின் நடுமுனை பாசிட்டிவா நெகட்டிவா என்பதையும் பாருங்கள். மெஷினின் அடியில் எழுதியிருப்பதோடு அது ஒத்துப்போக வேண்டும். மாறினால் போர்டு புகைந்துவிடும். கேசட் வாயில் ஊதும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மூச்சின் ஈரம் செம்புப் பட்டைகளை அரிக்கும். 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்துப் பட்டைகளைத் துடையுங்கள். குச்சியில் கறுப்பு ஒட்டுவது நிற்கும் வரை குச்சியை மாற்றி மாற்றித் துடைத்து, பத்து நிமிடம் காயவிட்டுச் செருகுங்கள். துப்பாக்கி கேம் எல்சிடி டிவியில் வேலை செய்யாது. அது பழைய குண்டு டிவியின் திரை ஒளியை நம்பிச் செய்தது. பழுதென்று பிரித்துப் பார்க்க வேண்டாம்.

பெட்டியிலேயே கவனமாகக் கையாள வேண்டியது போக்கிமான் சில்வர். கோல்டும் சில்வரும் சேர்ந்து 2 கோடிக்கும் மேல் விற்றவை, எனவே அரிதில்லை. ஆனால் கேட்பவர்கள் குறையவே இல்லை. அதனாலேயே போலிகளும் ஏராளம். ஒரிஜினலின் பின்பக்கத் திருகு சாதாரண ஸ்குரூடிரைவருக்குப் பிடிகொடுக்காது, 3.8 மி.மீ. ‘கேம்பிட்’ என்ற தனி ஸ்குரூடிரைவர் முனை வேண்டும். வெளிச்சத்தில் சாய்த்தால் லேபிளில் அழுத்திப் பதித்த சிறு எண் தெரியும். திறந்தால் போர்டில் நிண்டெண்டோ பெயர் அச்சாகியிருக்கும், சிப்புகள் தனித்தனியாக இருக்கும். சிப்புக்குப் பதிலாகக் கறுப்புப் பசைக் குமிழ் ஒன்று இருந்தால் அது டூப்ளிகேட்.

உள்ளே சேவ் விவரங்களையும் கடிகாரத்தையும் ஓட்டுவது ஒரு சிஆர்2025 பட்டன் பேட்டரி. கடிகாரம் ஓயாமல் ஓடுவதால் இந்த வரிசை கேசட்டுகளில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். கேம் ஓடும், அணைத்தால் எதுவும் நினைவில் நிற்காது. சேவ் இன்னும் உயிரோடிருந்தால், கேசட்டைக் கணினியில் படிக்கும் கருவி வைத்திருப்பவரிடம் கொடுத்து முதலில் அதை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றியதும் பழைய சேவ் போய்விடும். மாற்றும்போது இரு முனையிலும் உலோகத் தகடு ஒட்டிய பேட்டரியாக வாங்கி, பாசிட்டிவ் பக்கம் மாறாமல் தகட்டை மட்டும் சால்டர் செய்ய வேண்டும். வெறும் பேட்டரியின் மேல் சால்டர் வைத்தால் சூட்டில் வெடிக்கலாம். டேப் ஒட்டி நிறுத்துவதும் கூடாது. கேசட் ஒருமுறை கீழே விழுந்தாலே தொடர்பு விட்டுப் போகும். கடையில் சிஆர்2032 கொடுத்தால் வாங்காதீர்கள். அகலம் ஒன்றுதான், ஆனால் கனம் 2.5 மி.மீ.க்குப் பதில் 3.2 மி.மீ.; மூடி சரியாக உட்காராமல் போகலாம்.

கேம் பாய் கலரின் பின்மூடியை இன்றே திறந்து, இரண்டு ஏஏ பேட்டரிகள் உள்ளே இருந்தால் எடுத்துவிடுங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் அது ஆல்கலைன் கசிவு. வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்தால் போகும். ஸ்பிரிங் அடியோடு அரித்துப் போயிருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும்.

பிளேஸ்டேஷன் 2 உலகமெங்கும் 15 கோடிக்கும் மேல் விற்றது. மெஷினுக்கு விலை எதிர்பார்க்காதீர்கள். டிஸ்க் கட்டில் காப்பி அடித்தவற்றை ஒதுக்கிவிடுங்கள்; அவற்றை விற்பது சட்டப்படியும் தவறு. அடிப்பக்கம் ஊதா அல்லது பச்சைச் சாயல், மேலே மார்க்கர் எழுத்து அல்லது காகித லேபிள் என்றால் காப்பிதான். ஆலையில் அச்சான ஒரிஜினலில், துளையை ஒட்டிய வளையத்தில் ‘ஐஎஃப்பிஐ’ (IFPI) என்று தொடங்கும் பொடி எழுத்து இருக்கும்.

ஒரிஜினல்களில் ஆண்டுதோறும் வரும் கால்பந்து, கிரிக்கெட், கார் பந்தயம் எல்லாம் கிலோ கணக்குதான். குறைவாக அச்சான பயமுறுத்தும் கேம்கள் வேறு கதை: ‘குவோன்’ (2004), ‘ரூல் ஆஃப் ரோஸ்’ (2006) இரண்டும் இன்று நூற்றுக்கணக்கான டாலருக்குக் கைமாறுகின்றன. இந்தியாவில் செய்த டிஸ்க் ஏதேனும் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹைதராபாத்தில் உருவாகி 2009இல் வந்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’, 2011இன் ‘ரா.ஒன்’, 2013இல் பிளேஸ்டேஷன் 2இன் அந்திமக் காலத்தில் வந்த ‘டான் 2’ போன்றவை அதிகம் வெளிநாடு போகாதவை. ஒரு கேம் மெஷினுக்கு வந்த எல்லா கேமையும் சேர்க்க நினைக்கும் வெளிநாட்டுக்காரர் அவற்றுக்காக நம் ஊரிலிருப்பவரைத்தான் தேடி வர வேண்டும். என்னைக் கேட்டால், இந்தியச் சேகரிப்புகளில் இனி மதிப்பு கூடுவதற்கு நியாயமான காரணம் உள்ளவை இவைதான். பெட்டி, கையேட்டோடு இருந்தால் விற்காமல் வையுங்கள்.

வைப்பதென்றால் மறுபடி பரணில் வேண்டாம். மே மாதத்தில் மொட்டைமாடித் தளத்துக்குக் கீழே இருக்கும் சூட்டில் லேபிள் பசை உருகும், பிளாஸ்டிக் மஞ்சளாகும். கீழறை அலமாரியில், மூடி இறுக்கமான டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் மாற்றுங்கள். ராமபாணப் பூச்சி அட்டையைத் தின்னும். அதற்காக நாப்தலின் உருண்டை போடாதீர்கள், அதன் ஆவி சிலவகை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். ரப்பர் பேண்டு, செல்லோ டேப் எதுவும் படக்கூடாது. பெட்டியில் ஒட்டிய பழைய விலைச் சீட்டைப் பிய்க்காதீர்கள். அட்டையும் சேர்ந்து உரியும்.

விற்கும்போது, இணையத்தில் கேட்கும் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஐந்து லட்சம் என்று யார் வேண்டுமானாலும் போடலாம். இபேயில் ‘விற்று முடிந்தவை’ மட்டும் காட்டும் வசதியைப் போட்டு, அதே பதிப்பு, அதே நிலையில் கடைசியாகப் போன ஐந்தாறு விலைகளைப் பாருங்கள். தளக் கட்டணம், தபால், வாங்குபவர் நாட்டுச் சுங்கம் போக மிஞ்சுவதே உங்கள் பணம். முன்பக்கம், பின்பக்கம், திருகு, உள்போர்டு, ஓடும் திரை என ஐந்து படம் போட்டால் நம்பிக்கையோடு கேட்பார்கள். ஆண்டுதோறும் வரும் விளையாட்டுத் தொடர்களின் ஒரிஜினல் டிஸ்க்குகளை மொத்தமாக இப்போதே கொடுத்துவிடலாம். காத்திருப்பதால் அவற்றுக்கு எதுவும் கூடாது.

புது கேம் வாங்கி சீல் பிரிக்காமல் வைக்கும் மகனின் யோசனைக்கு என் பதில், வேண்டாம். 1990களில் யாரும் அப்படி வைக்கவில்லை, அதனால்தான் அவை அரிதாயின. இன்று வைப்பவர்கள் நிறையப் பேர். மேலும் 2025இல் வந்த நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 மெஷினுக்கான சில கேம்கள் ‘கேம்-கீ’ அட்டையாக வருகின்றன. அட்டைக்குள் கேம் கிடையாது. நிண்டெண்டோவின் சர்வரிலிருந்து இறக்கிக்கொள்ளும் அனுமதி மட்டும்தான். அதே நிறுவனம் 3டிஎஸ், வீ யூ என்ற தன் பழைய மெஷின்களின் இணையக் கடைகளை 2023 மார்ச்சில் மூடிவிட்டது. பிடித்த கேமை வாங்கினால் பிரித்து விளையாடச் சொல்லுங்கள்.