கண்ணீருக்கு எதற்குத் தச்சு வேலை?

கேள்வி: அம்மா இறந்தபோது எழுதிய கவிதையைத் திருத்தி அனுப்பச் சொல்லித் திருப்பிவிட்டீர்கள். அமெரிக்காவில் ஆன் செக்ஸ்டன், சில்வியா பிளாத் மாதிரிக் கவிஞர்கள் எல்லாம் மனதில் இருந்ததை அப்படியே கொட்டித்தானே எழுதினார்கள்? கண்ணீருக்கு எதற்குத் தச்சு வேலை?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அப்படியே கொட்டினார்கள் என்று யார் சொன்னது? மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த செக்ஸ்டன், சானெட் என்ற 14 வரிக் கவிதை வடிவத்தை எப்படி எழுதுவது என்ற தொலைக்காட்சிப் பாடத்தைப் பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்தவர். அவரும் கவிஞரான தோழி மாக்சின் குமினும் கவிதைக்காகவே வீட்டில் தனியாக ஒரு போன் இணைப்பு வைத்துக்கொண்டார்கள். எழுதும்போது மணிக்கணக்கில் ரிசீவரை வைக்க மாட்டார்கள். சில வரிகள் தேறியதும் ஒருவர் போனில் விசில் அடிப்பார். மற்றவர் வந்து கேட்டு, எந்தச் சொல் உட்காரவில்லை என்று சொல்வார். பிளாத்தும் செக்ஸ்டனும் 1959-இல் பாஸ்டனில் கவிஞர் ராபர்ட் லோவலின் கவிதை வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டவர்கள்.

சரி, இன்னொரு அமெரிக்கக் கவிஞர் எலிசபெத் பிஷப்புக்கு வருவோம். சொந்தக் கதையைப் பொதுவில் வைக்கக் கூசியவர் அவர். இழப்பைப் பற்றிய அவருடைய ‘ஒன் ஆர்ட்’ (1976) கவிதை 19 வரிதான். வரைவுகளோ 15-க்கும் மேல். முதல் வரைவு நீங்கள் அனுப்பியது மாதிரியேதான் இருக்கிறது: தொலைத்த மூக்குக்கண்ணாடி, பேனா, ஊர்கள், ஒருவரின் நீலக் கண்கள் என்று ஒரே கொட்டல். அப்புறம் அதை வில்லனெல் என்ற கறாரான யாப்புக்குள் கொண்டுபோனார். சொன்ன சொல்லே திரும்பத் திரும்ப வந்தாக வேண்டிய வடிவம் அது. சாவி, அம்மாவின் கைக்கடிகாரம், வீடுகள், நதிகள் என்று ஒவ்வொன்றாகத் தொலைத்து, இதெல்லாம் பேரழிவே இல்லை என்று கவிதை சமாளித்துக்கொண்டே போகிறது. கடைசியில் தொலைவது அன்புக்குரியவர். ‘பேரழிவு’ என்ற சொல்லில்தான் முடிய வேண்டும் என்று யாப்பு வழிமறிக்கிறது. கை வரவில்லை. அடைப்புக்குறிக்குள் தன்னையே அதட்டுகிறார்: எழுது! நீலக் கண்களைக் கொட்டிய வரைவில் இந்த அழுகை இல்லை. அவர் மறைக்கப் பார்த்ததை அவர் வாயிலிருந்து வாங்கியது யாப்புதான்.

உங்கள் துக்கத்தை நான் சந்தேகிக்கவே இல்லை. ஆனால் 40 வரியில் ‘வலி’ 9 தடவை வருகிறது. நடுவில், மருந்துச் சீட்டை நாலாக மடித்து அம்மா சுருக்குப்பையில் வைத்துக்கொண்டதாக ஒரு வரி இருக்கிறதே, அங்கிருந்து ஆரம்பித்து எழுதி அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.