கேழ்வரகுக் கஞ்சி குடித்தும் சர்க்கரை ஏறுவது ஏன்?

கேள்வி: வயது 56. எட்டு வருடமாகச் சர்க்கரை நோய். மூன்று மாதமாக அரிசியை நிறுத்திவிட்டோம். காலையில் நாட்டுச்சர்க்கரை போட்ட கேழ்வரகுக் கஞ்சி, மதியம் சாமைச் சோறு, இரவு கம்பு தோசை. ஆனாலும் சாப்பிட்டபின் 190 இருந்த சர்க்கரை 240 ஆகிவிட்டது. சிறுதானியம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? என் மனைவி தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். அவர் கம்பு சாப்பிடலாமா?
- ஒரு வாசகர், தர்மபுரி

பதில்: ஒத்துக்கொள்ளாமல் எல்லாம் இல்லை. சிறுதானியமும் மாவுச்சத்துதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து. சாமையிலும் கேழ்வரகிலும் 65 முதல் 67 கிராம். 'நல்லதுதானே' என்று ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் அந்த வித்தியாசமும் போய்விடும்.

உங்கள் சாப்பாட்டில் எனக்கு முதலில் உறுத்துவது காலைக் கஞ்சி. நைசாக அரைத்த மாவைக் கரைத்துக் காய்ச்சிக் குடித்தால் மெல்லுகிற வேலையே இல்லை. சீக்கிரம் செரித்து ரத்தத்தில் ஏறிவிடும். போதாததற்கு நாட்டுச்சர்க்கரை வேறு! நிறம்தான் பழுப்பு, வேலை வெள்ளைச் சர்க்கரையின் வேலைதான். உங்கள் ஊரில் களிக்கா பஞ்சம்? ஒரு சிறிய உருண்டை, கூடவே நிறையக் கீரைக் கடைசல், அவரைக்காய்க் குழம்பு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைப் பாருங்கள்.

அப்புறம் சாமை. கேழ்வரகில் மேல்தோல் ஒட்டியே இருப்பதால் தவிட்டோடு அரைபடுகிறது. சாமை, வரகு, குதிரைவாலி அப்படியில்லை. கடையில் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் தவிடு போய்விட்டது, நார்ச்சத்தில் பெரும்பகுதியும் அதோடு போயிற்று என்று அர்த்தம். மங்கலாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

சிறுதானியத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையில் 100 கிராம் கேழ்வரகுக்குக் கால்சியம் 364 மில்லிகிராம். தீட்டிய அரிசிக்கு 10-கூட இல்லை. கம்பில் இரும்புச்சத்து 6 மில்லிகிராமுக்கு மேல், அரிசியில் ஒன்றுக்கும் கீழே. அத்தனையும் உடம்பில் சேராது, தானியத்தில் உள்ள பைட்டேட் என்ற பொருள் தடுக்கும். முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் அது குறையும். நம் பாட்டிமார் கம்மங்கூழை ராத்திரி முழுக்கப் புளிக்கவிட்டதில் இந்த லாபமும் இருந்தது.

மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். மூன்று மாதச் சராசரி சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனை செய்துகொண்டு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் உணவையும் அவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

மனைவிக்கு: கம்பில் தைராய்டைப் பாதிக்கும் பொருள் இருப்பது உண்மை. ஆனால் அது பிரச்சினையானது சூடானின் டார்ஃபூர் போல, அயோடின் குறைவான, கம்பே பிரதான உணவான இடங்களில். அயோடின் உப்பு சேர்ப்பவர் வாரம் இரண்டு மூன்று நாள் சாப்பிடலாம். மாத்திரையை மட்டும் வெறும் வயிற்றில் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடட்டும்.