முதுமையில் மனச்சோர்வு எல்லாருக்கும் ஒரே மாதிரியா?

வயதானால் மனச்சோர்வு வருவது சகஜம்தானே, இதில் வசதி, இனம், மொழி எங்கே வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயம் வருகிறது. 2017-18-இல் நாடு முழுக்க நடந்த முதியோர் ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருக்கலாம் என்று தெரிந்தது. மருத்துவர் கண்டுபிடித்துச் சொன்னவர்களோ 1 சதவீதம்கூட இல்லை. பெண்களிடமும், துணையை இழந்தவர்களிடமும், கிராமத்து ஏழைகளிடமும் இது அதிகம்.

தர்மபுரிப் பக்கம் பாருங்கள். பிள்ளைகள் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட, மாட்டையும் பேரப்பிள்ளையையும் பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டி, மனசு சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார். "கைகால் குடைச்சல், ராத்திரி தூக்கமில்ல, சோறு இறங்கல" என்பார். வலி மாத்திரையோடு திரும்புவார். சித்தேரி மலையில் இருக்கும் பழங்குடிப் பெரியவருக்கு ஆஸ்பத்திரியே தூரம். தேன்கனிக்கோட்டையில் கன்னடமோ தெலுங்கோ பேசும் முதியவருக்கு, மனதில் இருப்பதைத் தமிழில் சொல்வதே சிரமம். இதை இனத்தின் குணம் என்று எண்ணவே கூடாது; வறுமையும் தனிமையும் புறக்கணிப்பும்தான் பெரும்பாலும் காரணம்.

சரி, என்ன செய்யலாம்? வீடு தேடி வந்து மருத்துவம் பார்க்கும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. வீட்டுக்கு வரும் ஊழியரிடம் சர்க்கரை, பிரஷரோடு தூக்கம், பசி பற்றியும் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழ் மட்டுமல்ல, கன்னடத்திலும் தெலுங்கிலும்.